நல்ல ஸ்கூலா, நல்ல வீடா? சான் அன்டோனியோ சொல்லும் கதை

அமெரிக்காவில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகும் நம்மவர்களிடம் பேசிப் பாருங்கள். வீடு பார்ப்பதற்கு முன்னால் ஸ்கூல் பார்ப்பார்கள். "இந்த ஊர் ஹைஸ்கூலுக்குப் பத்துக்கு ஒன்பது மார்க், பக்கத்து ஊருக்கு ஐந்துதான்" என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாடகையோ கடனோ பேசுவார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் சில சமயம் ஒரு ரோடுதான் இருக்கும். ரோட்டைத் தாண்டினால் வீட்டு விலை எகிறிவிடும்.

இரண்டுமே அரசுப் பள்ளிகள். இரண்டிலும் ஃபீஸ் கிடையாது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் ஆசிரியர்களிடமோ பிள்ளைகளிடமோ மட்டும் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்று சொல்வது நம்மூர் மாவட்டம் மாதிரி பெரியது அல்ல. சில சமயம் ஒரு சின்ன ஊரே ஒரு டிஸ்ட்ரிக்ட். பெரும்பாலும் அதற்கென்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு போர்டு இருக்கும். பல மாநிலங்களில் அந்த போர்டே பள்ளிக்காக வீட்டு வரி போடலாம். பொதுவாக எந்த எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அந்தப் பள்ளியில்தான் பிள்ளைக்கு இடம். நம்மூர் மாதிரி நான்கு ஸ்டாப் தள்ளி இருக்கும் அரசுப் பள்ளிக்கு பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட முடியாது.

ஹைஸ்கூலுக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவு செய்யலாமா என்பதே ஒரு காலத்தில் சண்டையாக இருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊர் வழக்கில், 1874-ல், செய்யலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1939-40-ல் நாடு முழுக்க 1,17,000-க்கும் மேல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் இருந்தன. பிறகு ஒன்றோடு ஒன்று சேர்ந்து இன்று சுமார் 13,000 ஆகிவிட்டன. ஆனால் பணக்காரப் புறநகர்கள் பலவும் தங்கள் எல்லைக்கோட்டை விட்டுக்கொடுக்கவே இல்லை.

1956-ல் சார்லஸ் டீபூ என்ற பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் தங்களுக்குப் பிடித்த வரியும் வசதியும் உள்ள ஊராகப் பார்த்துக் குடிபோவார்கள், அதுவும் ஒரு வகையில் ஓட்டுப் போடுவது மாதிரிதான் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு மாற முடியாதவன் எப்படி ஓட்டுப் போடுவான்?

இந்தக் கேள்விக்கு டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்தை விட நல்ல உதாரணம் கிடையாது.

ஒரே நகரம், இரண்டு பள்ளிகள்

நகரின் மேற்கே எட்ஜ்வுட் டிஸ்ட்ரிக்ட். சுமார் 22,000 மாணவர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிகோ வம்சாவளியினர். வடக்கே சில மைல் தள்ளி அலமோ ஹைட்ஸ். 1922-லேயே தனி நகரமாகப் பதிவு செய்துகொண்ட வசதியான ஊர். சுமார் 5,000 மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள்.

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் ஹைஸ்கூலில் சுமார் 400 மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். கட்டடத்தைப் பழுது பாருங்கள், தகுதியுள்ள ஆசிரியர்களைப் போடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ். முன்னாள் கடற்படை வீரர், கெல்லி விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்தவர்.

பெற்றோர்களின் கோபம் முதலில் உள்ளூர் பள்ளி நிர்வாகத்தின் மேல்தான் இருந்தது. ஆர்தர் கோச்மன் என்ற வக்கீல்தான், தப்பு அவர்களிடம் இல்லை, மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் முறையில் இருக்கிறது என்று விளக்கினார். வழக்கில் வெளிவந்த 1967-68 கணக்கைப் பாருங்கள்:

எட்ஜ்வுட்: சொத்து மதிப்பு மாணவருக்கு 5,960 டாலர். வரி 100 டாலருக்கு 1.05 டாலர். அந்த வரியில் கிடைத்தது மாணவருக்கு 26 டாலர். மாநில, மத்திய அரசுப் பணமும் சேர்த்து மொத்தம் 356 டாலர்.

அலமோ ஹைட்ஸ்: சொத்து மதிப்பு மாணவருக்கு 49,000 டாலருக்கு மேல். வரி 100 டாலருக்கு 85 சென்ட். அந்த வரியில் கிடைத்தது மாணவருக்கு 333 டாலர். எல்லாம் சேர்த்து மொத்தம் 594 டாலர்.

நன்றாகக் கவனியுங்கள். அந்த நகரப் பகுதியிலேயே அதிக விகிதத்தில் வரி கட்டியவர்கள் எட்ஜ்வுட் ஏழைகள்தான்! படிப்பில் அக்கறை இல்லாத ஜனங்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். அக்கறை இருந்தது, வரி போட விலையுள்ள சொத்துதான் இல்லை. விளைவு? 1968-69-ல் எட்ஜ்வுட் ஆசிரியர்களில் சுமார் 47 சதவீதம் பேர் முழுத் தகுதி இல்லாமல் தற்காலிக அனுமதியில் பாடம் நடத்தினார்கள். அலமோ ஹைட்ஸில் அது 11 சதவீதம்.

சரி, ரோட்ரிகஸ் ஏன் அலமோ ஹைட்ஸுக்குக் குடிபோகவில்லை? முதல் காரணம் விலை. இரண்டாவது காரணம் பழைய பாவம். கருப்பர்களுக்கும் மெக்சிகோ வம்சாவளியினருக்கும் விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த குடியிருப்புகள் அந்த நகரத்தில் பல. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் மத்திய சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் யார் எங்கே இருப்பது என்பது முடிவாகிவிட்டது.

இரண்டு தீர்ப்புகள்

1971-ல் கீழ் நீதிமன்றத்தில் ரோட்ரிகஸ் பக்கம் வென்றது. ஆனால் 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. கல்வி அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட அடிப்படை உரிமை அல்ல, உள்ளூர் நிர்வாகமும் முக்கியம் என்று எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். இவர் முன்பு ரிச்மண்ட் நகர ஸ்கூல் போர்டின் தலைவராக இருந்தவர். எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954-ல் இனவாரிப் பள்ளிகளை ஒழித்த பிரவுன் வழக்கில் வாதாடிய அதே மார்ஷல்.

அடுத்த வருடம் டெட்ராய்ட் வழக்கிலும் 5-4. நகரத்துப் பள்ளிகளில் இனப் பிரிவினை இருந்தது நிரூபணமானாலும், அதைச் சரிசெய்யும் திட்டத்தில் சுற்றியுள்ள புறநகர் டிஸ்ட்ரிக்டுகளை இழுக்க முடியாது என்றார்கள். ஒரு தீர்ப்பில் பணம் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை, மற்றதில் பிள்ளைகளும் தாண்ட வேண்டியதில்லை. இன்று வீடு தேடுபவர் பார்க்கும் வரைபடத்துக்கு இந்த இரண்டு தீர்ப்புகள்தான் காவல்.

ஆனால் எட்ஜ்வுட் விடவில்லை. 1984-ல் டெக்சாஸ் மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1989-ல் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பின்படி எட்ஜ்வுட்டில் மாணவருக்குச் சொத்து மதிப்பு 38,854 டாலர், அலமோ ஹைட்ஸில் 5,70,109 டாலர். அதாவது இடைவெளி குறையவில்லை, எட்டு மடங்கு பதினைந்து மடங்காகப் பெருகியிருந்தது. பல இழுபறிக்குப் பிறகு 1993-ல் பணக்கார டிஸ்ட்ரிக்டுகளின் வரிப்பணத்தில் ஒரு பங்கை எடுத்துப் பகிரும் சட்டம் வந்தது. மக்கள் வைத்த பெயர் 'ராபின் ஹூட்'! வழக்குப் போட்டபோது ஆரம்பப் பள்ளி வயதில் இருந்த ரோட்ரிகஸின் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். அவர் 2013-ல் காலமானார்.

அந்த மார்க் எதைச் சொல்கிறது?

1999-ல் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர், பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால் பெற்றோர் வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கத் தயார் என்று கண்டார். விலை ஏறினால் வசதியுள்ளவர்தான் வரமுடியும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்தால் மதிப்பெண் இன்னும் ஏறும். குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள பலமான தொடர்பை 1966-லேயே கோல்மன் அறிக்கை காட்டிவிட்டது. ஆகவே ஒன்பது மார்க் வாங்கிய பள்ளி நன்றாகக் கற்பிக்கிறதா, அல்லது நன்றாகப் படிக்க வசதியுள்ள பிள்ளைகள் அங்கே சேர்கிறார்களா என்பதை அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுவது தப்பே இல்லை. எந்த அப்பா அம்மாவும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது மார்க்கோடு நின்றுவிடாமல், ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, ஒரு வருடத்தில் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள், என்னென்ன பாடங்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள். கூடவே அந்தப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் ஒருமுறை கேளுங்கள். ஐந்து மார்க் வாங்கிய பள்ளியின் பெற்றோர், ஒன்பது மார்க் பள்ளியின் பெற்றோரை விட அதிக விகிதத்தில் வரி கட்டிக்கொண்டிருக்கலாம். எட்ஜ்வுட்டில் அதுதான் நடந்தது.