பள்ளிக்கூடமும் கூலியும்

கற்றவன் கூடுதலாக ஈட்டுகிறான் என்பது உலகறிந்த செய்தி. ஆனால் அந்தக் கூடுதல் கல்வியால் வந்ததா, குடும்ப வசதியால் வந்ததா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே நெடுநாள் படிக்கிறார்கள் அல்லவா! தொழிலாளர் பொருளியலின் இந்தப் பழஞ்சிக்கலுக்கு விடை தேட வாய்த்த களம் இந்தோனேஷியா.

1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியது. அவ்வருவாயைக் கொண்டு அந்நாட்டரசு 1978-79-க்குள் 61,000-க்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகளை எழுப்பியது. பள்ளி செல்லாப் பிள்ளைகள் மிகுந்த மாவட்டங்களுக்கே அதிகப் பள்ளிகள் ஒதுக்கப்பட்டன.

இருபதாண்டுகள் கழிந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வு மாணவியாயிருந்த பிரெஞ்சுப் பெண்மணி எஸ்தர் டுஃப்லோ, 1995-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை ஆராயத் தொடங்கினார். 1974-இல் 2 முதல் 6 வயதினராயிருந்தோர் புதிய பள்ளிகளின் பயனை முழுதும் நுகர்ந்தவர்கள்; 12 வயதைக் கடந்திருந்தோர் அவ்வாய்ப்பை இழந்தவர்கள். இவ்விரு சாராரிடையே உள்ள வேறுபாடு, பள்ளிகள் மிகுந்த மாவட்டங்களில் எவ்வளவு, குறைந்த மாவட்டங்களில் எவ்வளவு என ஒப்பிட்டார்.

விடை கிடைத்தது. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடியதால், ஆண்களின் கல்வி 0.12 முதல் 0.19 ஆண்டு வரையும், கூலி 1.5 முதல் 2.7 விழுக்காடு வரையும் உயர்ந்திருந்தன. ஓராண்டுக் கல்வியின் பலன் 6.8 முதல் 10.6 விழுக்காடு எனக் கணக்கிட்டார். 2001-இல் இவ்வாய்வு அச்சேறியது. 2019-இல் வேறிருவருடன் அவர் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்; அது வறுமை ஒழிப்பு பற்றிய களச் சோதனைகளுக்காக.

பள்ளி கட்டுகிற ஆட்சிக்கு அதன் பலன் உடனே தெரிவதில்லை. அன்று கரும்பலகைமுன் அமர்ந்த குழந்தை வளர்ந்து கூலி பெறும் நாளில்தான் அக்கணக்கு நேராகிறது. அதுவரை பொறுக்காமல் பள்ளிக்கான பணத்தைக் குறைப்பவர்கள், நாளைய தொழிலாளியின் கூலியில் கைவைக்கிறார்கள்.