வான்கப்பலிடம் வால் கடன் வாங்கிய கப்பல்

'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் நம்ம கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டின தெப்பம். அதுக்கு இரண்டு உடல் கிடையாது. இரண்டு உடலை இடைவெளி விட்டு இணைத்து ஆழ்கடல் தாண்டியவர்கள் பாலினேசியர்கள். சொல் நம்முடையது, வடிவம் அவர்களுடையது.

அந்த வடிவம் லேசில் கவிழாது. ஆனால் வேகமாகப் போனால் அலைக்கு அலை தூக்கிப் போடும். சுமார் ஐந்து நொடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடுகிற ஆட்டம்தான் மனிதர்களுக்கு அதிகமாகக் குமட்டுவது.

இதற்கு 1938-இல் ஒரு வழி சொன்னவர் ஃபிரெடரிக் கிரீட். டெலிபிரிண்டரால் பெயர் வாங்கிய கனடாக்காரர். அலையின் வலு மேற்பரப்பில்தான். ஆழம் போகப் போகக் குறையும். அப்படின்னா மிதப்பு தரும் இரண்டு உடலையும் நீருக்குள் அமிழ்த்திவிட்டு, மேல்தளத்தை ஒல்லியான தூண்கள்மேல் நிறுத்தினால் என்ன? அலையின் கைக்குத் தூண் மட்டும்தான் அகப்படும். பிரிட்டிஷ் கடற்படை இதை ஏற்கவில்லை. கிரீட் 1957-இல் இறந்துபோனார்.

யோசனையில் ஒரு வில்லங்கமும் இருந்தது. சாதாரணக் கப்பலின் மூக்கு தாழ்ந்தால், அங்கே கூடுதலாக அமிழ்கிற அகலமான உடல் அதை மேலே தள்ளிவிடும். ஒல்லித் தூணுக்கு அந்தத் தெம்பு குறைவு. அதுவும் போகட்டும், நீருக்குள் வேகமாகப் போகும் நீண்ட உருளை கொஞ்சம் சாய்ந்தாலே நீரோட்டம் அதை இன்னும் சாய்க்கப் பார்க்கும். மேக்ஸ் மங்க் என்பவர் 1920-களில் வான்கப்பல்களுக்குப் போட்ட கணக்கு இது. வேகம் இரட்டித்தால் இந்தச் சாய்க்கும் விசை நான்கு மடங்காகும்.

மருந்தும் வான்கப்பலிடமே இருந்தது: வால் இறக்கை. மீனுக்குத் துடுப்பு மாதிரி, கப்பலுக்கு 'ஃபின்'. அதன் விசையும் வேகத்தோடு அதே கணக்கில் கூடும். நோய் வளர வளர மருந்தும் வளரும்!

அமெரிக்கக் கடற்படைக்காக தாமஸ் லாங் வடிவமைத்த 'கைமாலினோ' 1973-இல் நீரில் இறங்கியது. சுமார் 200 டன், 25 நாட் வேகம். பின்னால் இரண்டு உடலையும் இணைத்து முழு அகலத்துக்கு ஒரு ஃபின். அம்புக்கு இறகு செய்கிற வேலை அதுக்கு. முன்னால் இரண்டு சிறிய ஃபின்கள். கப்பல் ஆட ஆட, தானியங்கிக் கட்டுப்பாடு முன் ஃபின்களையும் பின் ஃபின்னின் மடல்களையும் திருப்பிச் சமன் செய்யும். அந்தச் சிறிய கப்பலில் ஹெலிகாப்டர் இறக்கியே சோதித்தார்கள்.

ஒற்றை உடல் கப்பல்களில் ஃபின் பயணிகளின் சொகுசுக்கு வந்த கூடுதல் வசதி. 1936-இல் 'ஐல் ஆஃப் சார்க்' கப்பலில் பொருத்தியது அப்படித்தான். கைமாலினோவுக்கு அது உயிர்நாடி. அலையிடமிருந்து தப்பிக்கத் தன் இயல்பான சமநிலையை விற்ற கப்பல், அதை ஃபின் மூலம் திரும்ப வாங்கியது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நின்றால் ஃபின்னுக்கு வேலையில்லை, தூணின் ஒல்லிதான் காக்கும். ஓடினால் ஃபின் காக்கும்.

கைமாலினோ ஓடியது பாலினேசியர்கள் இரட்டை உடல் படகில் வந்து குடியேறிய ஹவாய்க் கடலில். பெயரும் அவர்கள் மொழிதான். பொருள்: அமைதியான கடல்.