பீர் பாட்டிலும் பால் பாட்டிலும்

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துவிட்டு கிளாஸும் கையுமாக வந்தவர்கள் மன்னிக்கவும். இது சரக்கு பற்றிய பதிவு இல்லை. பாத்திரம் கழுவுவது பற்றிய பதிவு. :-)

இமாசலப் பிரதேசத்தில் சோலன் என்கிற மலை ஊரில் பல வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. சொந்த ஊர் குன்னூர். ஒரு மலையில் பிறந்து இன்னொரு மலையில் பிழைப்பு. கல்கா–சிம்லா குட்டி ரயில் பாதையில் 'சோலன் புரூவரி' என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அந்த போர்டைப் பார்த்தால் போதும், "பீர் ஃபேக்டரிக்கு ஒரு ஸ்டேஷனாடா!" என்று வாயைப் பிளப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அந்த ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தைத் தேடிப் படிக்க வைத்தது என் பையன்.

2009. அவனுக்கு எட்டு மாசம். தங்கமணி வேலைக்குத் திரும்பிய நேரம். பகலில் புட்டிப்பால். பாட்டில் கழுவும் டிபார்ட்மெண்ட் என்னுடையது. சோப்புப் போட்டு, பிரஷ் விட்டு, கீசர் தண்ணீரில் அலசி, சமையலறையில் தொங்கும் துணியால் உள்ளே வரை துடைத்து வைப்பேன். பளபளவென்று இருக்கும். எனக்கே பெருமையாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சனிக்கிழமை மதியம் அழக்கூடத் தெம்பில்லை. கண் உள்ளே போய்விட்டது. சண்டிகருக்குக் காரில் ஓடினோம். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி, அந்தச் சின்னக் கையில் டிரிப் ஊசி. டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பாட்டிலைக் கொதிக்க வைக்கிறீர்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் இங்கிலாந்திலிருந்து கல்லூரி நண்பன் போன் செய்தான். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது அவன் பொழுதுபோக்கு. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டேய், நாங்க பீருக்குச் செய்யறதைக்கூட நீ பிள்ளைக்குச் செய்யலையாடா?" என்றான்.

கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. பகலெல்லாம் கிருமி நீக்கப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான். கழுவுவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு என்பதை ஃபேக்டரி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த வித்தியாசத்தை மனுஷன் எப்போது கற்றுக்கொண்டான் என்று தேடப் போனால், பாதை நேராக பீர் தொட்டிக்குள் போகிறது.

காரணம் தெரியாமலேயே காரியம் செய்துவந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஊறுகாய் ஜாடியை அம்மா வெயிலில் காய வைப்பாள். பனையேறிகள் பதநீர்க் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் நுண்ணுயிர் பெருகாது என்பது அவர்களுக்குத் தெரியாது, ஆனால் கலயத்துக்குத் தெரிந்திருந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் 1553-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக்கூடாது. வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுப் போகிறது என்பது அனுபவம். ஏன் என்பது தெரியாது.

ஏன் என்று சொன்னவர் லூயி பாஸ்டர். 1856-இல் லில் நகரத்தில் பேராசிரியராக இருந்தபோது, பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் ஒருவர், சில தொட்டிகள் புளித்து வீணாகின்றன என்று அவரிடம் வந்தார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்பை எடுத்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறு ஏதோ ஒன்று. தொட்டியில் குடித்தனம் செய்வது யார் என்பதுதான் பிரச்சினை என்று புரிந்தது.

1870–71 போரில் ஜெர்மானியரிடம் பிரான்ஸ் தோற்றது. மனம் நொந்த பாஸ்டர், ஜெர்மன் பீரை மிஞ்சும் பிரெஞ்சு பீர் செய்தே தீருவது என்று இறங்கினார். போரில் தோற்றதற்குப் பீரில் பழிவாங்கல்! 1871 செப்டம்பரில் லண்டன் விட்பிரெட் ஆலைக்குப் போய், அவர்களுடைய போர்ட்டர் பீரின் ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உள்ளே வேண்டாத விருந்தாளிகள். உங்கள் ஈஸ்ட் சுத்தமில்லை என்று அவ்வளவு பெரிய ஆலைக்காரர்களிடம் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு வாரத்துக்குள் திரும்பிப் போனபோது ஆலையில் ஒரு புது மைக்ராஸ்கோப் உட்கார்ந்திருந்தது. 1876-இல் பீர் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. பீருக்கு வரும் ஒவ்வொரு 'நோய்க்கும்' ஒரு கிருமி காரணம், அது காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வருகிறது என்பது அதன் சாரம்.

அதோடு முடியவில்லை. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பீர் கெட்டது. அங்கே ஆய்வுக்கூடத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், இந்தத் தடவை குற்றவாளி பாக்டீரியா இல்லை, நல்ல ஈஸ்ட்டைப் போலவே வேஷம் போட்டு உள்ளே நுழைந்த காட்டு ஈஸ்ட் என்று கண்டுபிடித்தார். ஒரே ஒரு செல்லைத் தனியாகப் பிரித்து வளர்த்துச் சுத்தமான ஈஸ்ட்டை உருவாக்கினார். ஆலை முதலாளி ஜே.சி. ஜேக்கப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை. போட்டி ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

இதெல்லாம் குடிகாரர்களின் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். பாஸ்டரின் நொதித்தல் ஆராய்ச்சியைப் படித்துத்தான் ஜோசப் லிஸ்டர், 1865-இல் கிளாஸ்கோவில், எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டிருந்த பதினோரு வயதுப் பையனின் கால் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். பையன் காலோடு வீடு திரும்பினான். ஆபரேஷன் தியேட்டரின் சுத்தம், புளித்துப் போன தொட்டியிலிருந்து வந்த பாடம்.

சரி, என் நண்பனின் சமையலறைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1963-லிருந்து வீட்டு உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் பீர் காய்ச்சலாம். நம்மூரில் மது மாநிலங்களின் அதிகாரம், பெரும்பாலான இடங்களில் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். ஆகவே யாரும் முயற்சி செய்ய வேண்டாம், கவனித்தால் போதும்.

பார்லிச் சாறு ஒரு மணி நேரம் கொதிக்கிறது. அதுவரை கவலையில்லை. ஆறிய நிமிஷத்திலிருந்து ஆபத்து. அதன் பிறகு அதைத் தொடும் வாளி, குழாய், கரண்டி, பாட்டில், மூடி எல்லாம் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். பாட்டில் காலியானதும் உடனே அலசிவிடுவான். அடியில் ஈஸ்ட் காய்ந்துவிட்டால் பிரஷுக்கும் அசையாது. பிறகு சோடா உப்பில் ஊற வைத்து, பிரஷ் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பான். ஒரு புள்ளி இருந்தாலும் மறுபடி ஊறல். ஏனென்றால் அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. குளோரினை ஊற்றினால் அது முதலில் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமி அழுக்குக்கு அடியில் ஹாயாக இருக்கும்.

கழுவி முடித்த பிறகுதான் இரண்டாவது வேலை. அயோடின் கலந்த திரவம், பத்து லட்சம் பங்குக்கு 12.5 பங்கு அயோடின், இரண்டு நிமிஷம். கவிழ்த்து வடிய விடுவான். அந்த அளவுக்கு மறுபடி அலச வேண்டியதில்லை. துணியால் துடைப்பது மட்டும் மகா பாவம். துடைத்தால் துணியில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும். பிளாஸ்டிக் வாளியில் கீறல் விழுந்தால் தூக்கி எறிந்துவிடுவான். கீறல் கிருமிக்குக் குகை. இவ்வளவும் எதற்கு? காட்டு ஈஸ்ட் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால், மிச்சமிருக்கும் மாவுச்சர்க்கரையையும் தின்று வாயுவை ஏற்றி, ஒருநாள் பாட்டில் அலமாரியிலேயே வெடிக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் சமையலறையில் தொங்கிய துணி கண்ணுக்கு முன்னால் ஆடியது. அதில்தான் மேடையையும் துடைத்தேன், கையையும் துடைத்தேன், என் பிள்ளையின் பாட்டிலையும் துடைத்தேன்.

அன்றிலிருந்து கழுவிய பாட்டிலும் நிப்பிளும் தண்ணீரில் முழுக மூழ்கிப் பத்து நிமிஷம் கொதித்தன. துணிக்கு நிரந்தரத் தடை. கொஞ்ச நாளில் டாக்டர் அம்மா சொன்னபடி பாட்டிலையே விட்டுக் கிண்ணத்துக்கும் ஸ்பூனுக்கும் மாறினோம். கிண்ணத்தில் கிருமி ஒளிய மூலை கிடையாது.

பையன் நடக்க ஆரம்பித்த பிறகு பக்கத்திலிருக்கும் கசௌலிக்குப் போனோம். அந்த மலையில்தான் எட்வர்ட் டயர் 1855-இல் பீர் ஆலை தொடங்கினார். ஆமாம், ஜாலியன்வாலாபாக் டயரின் அப்பா. நல்ல தண்ணீர் தேடி பீர் பிற்பாடு சோலனுக்கு இறங்கியது. அதே கசௌலியில் 1900-இல் இந்தியாவின் முதல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறந்தது, நாய்க்கடிக்கு மருந்து கொடுக்க. எனக்குச் சட்டென்று ஊர் ஞாபகம். நீலகிரியிலும் வெள்ளைக்காரன் பீர் காய்ச்சினான். குன்னூரிலும் 1907-லிருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட். சின்ன வயதில் தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். பாஸ்டர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்துகொள்ள இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருந்தது.

இன்று அவன் என்னை விட உயரம். ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அவன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து மோந்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன்.

"கழுவிட்டேன்ப்பா" என்றான்.

அடுப்பில் தண்ணீரை வைத்தேன்.