சட்டமுறை நாணயமும் சமூக நம்பிக்கையும்: ஸ்கொத்லாந்து நாணயத்தாள்கள் பற்றிய ஒரு நோக்கு

நாணயத்தாளின் வலு சட்டத்திலிருந்தே பிறக்கின்றது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு ஸ்கொத்லாந்து வங்கிகளின் நாணயத்தாள்கள் தக்க சான்றாகும். ஒரே அரசின் கீழ், ஒரே ஸ்டேர்லிங் பவுண் அலகில் வெளியிடப்படும் இத்தாள்கள் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் தயக்கமின்றிக் கைமாறுகின்றன. ஆனால் இங்கிலாந்தின் கடைகளிலோ இவற்றை ஏற்க மறுப்போர் பலர். இவ்வேறுபாட்டின் காரணங்களை இங்கு நோக்குவோம்.

முதலில் ‘சட்டமுறை நாணயம்’ என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். பிரித்தானியாவில் இதன் பொருள் மிகக் குறுகியது. கடன்பட்ட ஒருவர் தாம் தரவேண்டிய தொகையைச் சட்டமுறை நாணயமாக நீதிமன்றத்திற் செலுத்திவிட்டால், கடனைத் தீர்க்கவில்லை என்று அவர்மீது வழக்கிட்டு வெல்ல இயலாது. கடையிற் பொருள் வாங்குதல் இதனுள் அடங்காது. அங்கே கடன் இன்னும் தோன்றவில்லை. எந்தத் தாளை ஏற்பது, எதனை மறுப்பது என்பது விற்பவரின் விருப்பமேயாகும்.

இவ்வளவுகோல் கொண்டு அளக்கும்போது வியப்பான ஓர் உண்மை வெளிப்படுகின்றது. ஸ்கொத்லாந்து வங்கிகளின் தாள்கள் இங்கிலாந்தில் மட்டுமன்றி ஸ்கொத்லாந்திலும் சட்டமுறை நாணயம் அல்ல. இங்கிலாந்து வங்கியின் தாள்கள் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டுமே அத்தகுதியைப் பெற்றன. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பவுணுக்குக் குறைந்த இங்கிலாந்து வங்கித் தாள்களுக்கு ஸ்கொத்லாந்திலும் அத்தகுதியை வழங்கியது. எனினும் ஒரு பவுண் தாள் 1988இல் மீளப் பெறப்பட்டபின், ஸ்கொத்லாந்தில் எந்த நாணயத்தாளும் சட்டமுறை நாணயமாக இல்லை. நாணயக் குற்றிகளே அத்தகுதியுடையன. ஆயினும் அங்கே வணிகம் ஒருநாளும் நின்றுவிடவில்லை.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1695இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் ஸ்கொத்லாந்து வங்கியை நிறுவியது. ரோயல் வங்கி 1727இலும் கிளைட்ஸ்டேல் வங்கி 1838இலும் தோன்றின. இன்றும் தாள்களை வெளியிடுவன இம்மூன்றுமே. 1707இல் இரு பாராளுமன்றங்களும் ஒன்றாயினும் வங்கிமுறைகள் ஒன்றாகவில்லை. பொன்னும் வெள்ளியும் அரிதாயிருந்த ஸ்கொத்லாந்தில் ஒரு பவுண் தாளே அன்றாடப் பணமாயிற்று. வங்கிகள் ஒன்றின் தாளை மற்றொன்று ஏற்று, குறித்த காலத்தில் மாற்றிக்கொள்ளும் முறை 18ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது.

1825ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை அடுத்து, சிறு தாள்களை ஒழிக்க லண்டன் அரசு முற்பட்டது. 1826இல் வோல்டர் ஸ்கொட், மலாக்கி மலக்ரோதர் என்னும் புனைபெயரில் எழுதிய கடிதங்கள் கடும் எதிர்ப்பைத் திரட்டின. அரசு பின்வாங்கியது. ஆனால் 1828இல் மற்றொரு சட்டம் ஸ்கொத்லாந்தின் சிறு தாள்கள் இங்கிலாந்திற் புழங்குவதைத் தடைசெய்தது. எல்லையில் எழுந்த தயக்கம் வெறும் பழக்கத்தால் மட்டும் விளைந்ததன்று என்பது இங்கு கருதற்பாலது.

நம்பிக்கையின் உண்மையான சோதனை வங்கி முறியும்போதே நிகழ்கின்றது. 1878இல் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தபோது, ஏனைய வங்கிகள் அதன் தாள்களை ஏற்றுக்கொண்டன. தாள் வைத்திருந்தோர் காப்பாற்றப்பட்டனர். வரையறையற்ற பொறுப்புடைய பங்குதாரரோ பெருந்தொகையாக அழிந்தனர். ஆறு ஆண்டுகளின் பின் இலங்கையிலும் இத்தகைய நிலை தோன்றியது. இலைநோயினாற் கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ச்சியுற, தோட்டங்களுக்குக் கடன் வழங்கியிருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் மூடப்பட்டது. அதன் தாள்களுக்குத் தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை அளித்தார். அவ்வாண்டின் கட்டளைச் சட்டத்தின்படி நாணயத்தாள் வெளியீடு அரசின் கைக்கு மாறியது. அங்கே வங்கிகளின் உடன்பாடு செய்ததை இங்கே அரசு செய்தது. இரண்டிலும் தாளைக் காத்தது, அதற்குப் பின்னால் நின்ற பொறுப்பேயாகும்.

இன்று ஸ்கொத்லாந்துத் தாள்களுக்கு அப்பொறுப்பு முழுமையாக உள்ளது. 2009ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தின்படி, அவற்றின் முழுப் பெறுமதிக்கும் ஈடாக இங்கிலாந்து வங்கியின் தாள்களோ, நாணயக் குற்றிகளோ, அவ்வங்கியில் வைப்போ இருத்தல் வேண்டும். எனவே பெறுமதி பற்றிய ஐயத்துக்கு இடமில்லை. இருந்தும், இத்தாள்களின் ஏற்பை நாடு முழுவதும் உறுதிப்படுத்தும் நோக்குடன் 2009இல் பொதுச்சபையில் விவாதிக்கப்பட்ட தனியுறுப்பினர் மசோதா சட்டமாகவில்லை.

இங்கேதான் பிரச்சினையின் மையம் உள்ளது. இங்கிலாந்து வங்கியின் தாள் ஸ்கொத்லாந்திற் சட்டமுறை நாணயம் அல்ல; ஸ்கொத்லாந்துத் தாள் இங்கிலாந்தில் அவ்வாறன்று. சட்டத்தின் முன் இரண்டும் சமம். ஆனால் முன்னது எடின்பரோவில் கேள்வியின்றி ஏற்கப்படுகின்றது. பின்னது லண்டனிற் சந்தேகத்துடன் புரட்டிப் பார்க்கப்படுகின்றது. சமமான சட்டநிலையிலிருந்து சமமற்ற விளைவு தோன்றுமாயின், அதன் காரணத்தைச் சட்டத்துக்கு வெளியே தேடுதல் வேண்டும். மையத்தின் நாணயத்தை விளிம்பு அறிந்தே ஆகவேண்டும். விளிம்பின் நாணயத்தை மையம் அறியவேண்டிய தேவை இல்லை. இவ்வறியாமையின் விலையை வங்கிகள் செலுத்துவதில்லை. ஊதியத்தைக் கையிற் கொண்டு எல்லை கடக்கும் சாதாரண மனிதரே செலுத்துகின்றனர். நாணயத்தின் வரலாற்றைச் சட்டநூல்களில் மட்டும் தேடுவோர் இவ்வுண்மையைக் காணத் தவறுவர் என்பதே எமது முடிபு.