பதுளைக் கூட்டத் தடையும் பத்துச்சீட்டும்

பதுளை நகரில் 1940 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி நடைபெற்ற பொதுக்கூட்டம், மலையகத் தொழிற்சங்க வரலாற்றைக் கூறும் நூல்களிற் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அது இன்னும் சற்று விரிவாகப் பேசப்பட வேண்டிய நிகழ்வு என்பது என் கருத்து.

அவ்வாண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதை வாசகர்கள் அறிவர். அதன்பின் வேலைநிறுத்த அலை தெற்கு நோக்கி நகர்ந்து ஊவாவை எட்டியது. அங்கு லங்கா சமசமாஜக் கட்சியின் சார்பில் எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக, வி. சித்தம்பலம் ஆகியோர் முன்னின்று செயற்பட்டனர். தோட்டத்துரைமார் கலவரமடைந்தனர். கூட்டங்களைத் தடைசெய்யும் கட்டளை நீதவானிடமிருந்து பெறப்பட்டது. அக்கட்டளையை மீறி என்.எம். பெரேரா பதுளையில் பெருங்கூட்டத்தில் உரையாற்றினார். திரண்டிருந்த மக்களின் எண்ணிக்கையைக் கண்ட பொலிஸார் எதுவும் செய்ய இயலாது நின்றனர்.

கூட்டம் ஏன் நகரில் நடைபெற வேண்டியிருந்தது என்பதே இங்கு கவனத்துக்குரியது. தோட்டம் கம்பனியின் சொத்து. துரையின் அனுமதியின்றி வெளியார் ஒருவர் லயத்துக்குள் கால்வைத்தால் அது அத்துமீறல் என வழக்காகும். உள்ளே பேசப்படுவதைக் கேட்பதற்குக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் இருந்தனர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போதே முந்தைய இரவு எந்த லயத்தில் யார் கூடினார்கள் என்ற செய்தி துரையின் காதை எட்டிவிடும். எழுந்த பேச்சை அடக்குவதற்குத் தணிக்கைச் சட்டம் எதுவும் அங்கு தேவைப்படவில்லை, பத்துச்சீட்டு போதுமானதாயிருந்தது. அச்சீட்டைப் பெற்றவர் வேலையை மாத்திரமன்றி, தாம் குடியிருந்த காம்பராவையும் அதே கையோடு இழந்தார். பேச்சு நீக்கப்பட்டதற்கு எந்தப் பதிவும் எஞ்சுவதில்லை, பேசியவர்தாம் அங்கு இல்லையே!

இந்த வேலியைத் தாண்டியவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்த இப்பத்திரிகையாளர், தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரிற் காண்பதற்காகப் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். பின்னர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தி, 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தையும் நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அனுமதியின்றிக் கூட்டம் போட இயலாத இடத்திலும் பாட்டு லயத்துக்கு லயம் தானாகவே நடந்து செல்லும் என்பதை அத்தம்பதியர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

துரைமாரின் கூட்டத்திலிருந்தே ஒருவர் பேசத் தொடங்கியபோது நிகழ்ந்தது வேறு. அவுஸ்திரேலியாவில் வளர்ந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், மடுல்கெல்லையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பழக வந்தவர். தொழிலாளரின் பக்கம் நின்றமையால் வேலையை இழந்த அவர், 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் சமசமாஜக் கட்சி நடத்திய கூட்டத்தில் உரையாற்றினார். கமலாதேவி சட்டோபாத்யாயவும் அம்மேடையில் இருந்தார். வெள்ளையரின் வாயாலேயே தோட்டங்களின் கதை வெளிவருவதைத் துரைமாரால் பொறுக்க முடியவில்லை. ஏப்ரல் 24 ஆம் திகதிக்குள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5 ஆம் திகதி காலிமுகத்திடலில் மக்கள் முன் தோன்றினார். பின்னர் கைதாகி ஆட்கொணர்வு மனு விசாரிக்கப்பட்டபோது, பிரதம நீதியரசர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் மே 18 ஆம் திகதி அவரை விடுவித்தது. அவசரநிலை நிலவும் காலத்துக்கென ஆக்கப்பட்ட அதிகாரத்தை, பேச்சுப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சாதாரண காலத்திற் கையாள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் ஒரு வேறுபாடு புலப்படுகின்றது. பிரேஸ்கேர்டிலை அகற்றும் கட்டளை எழுத்தில் இருந்தது. ஒப்பமிட்டவர் யாரென்பது தெரிந்திருந்தது. ஆதலால் அதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. பத்துச்சீட்டுப் பெற்ற ஊவாத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அனுப்பியவரே விசாரணையாளர், அவரே தீர்ப்பாளர்.

பதுளைக்கு அருகேயுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் 1940 மே மாதம் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தங்களுக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே கருமமாற்றுவதாகத் துரை உடன்பட நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். அது நெடுநாள் நீடிக்கவில்லை. பொலிஸாரின் அடக்குமுறை ஒருபுறமிருக்க, வெள்ளப்பெருக்கினால் ஊவா ஒரு வாரத்துக்கும் மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. வெளியிலிருந்து உதவியும் செய்தியும் வந்துசேரத் தடையான அந்நாட்களில் அலை ஓய்ந்தது. சூன் 18 ஆம் திகதி என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரும் மறுநாள் சமரக்கொடியும் கைதாயினர். கட்சியின் அச்சகம் சோதனையிடப்பட்டு முத்திரையிடப்பட்டது. போர்க்காலத்தில் இதனைக் கேள்விக்குட்படுத்துவார் அரிதாயிருந்தனர்.

முத்திரையிடும் அந்த வழக்கம் சுதந்திரத்தின் பின்னரும் கைவிடப்படவில்லை. 1974 இல் அவசரகால விதிகளின் கீழ் தவச நிறுவனம் மூடப்பட்டபோது, ‘தினபதி’யும் ‘சிந்தாமணி’யும் 1977 வரை வெளிவரவில்லை. உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் பட்டினியும் இறப்பும் பெருகியிருந்த காலம் அது. 2000 ஆம் ஆண்டின் தணிக்கைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ‘உதயன்’ பத்திரிகைக்கும் கொழும்பின் ‘சண்டே லீடர்’ பத்திரிகைக்கும் முத்திரை விழுந்தது. பக்கங்களில் வெற்றிடம் விட்டு அச்சிடுவதா, வேறு செய்தியால் நிரப்புவதா என்று அந்நாட்களில் ஆசிரிய பீடங்களில் நிகழ்ந்த வாக்குவாதங்களை நான் அறிவேன். வெற்றிடத்தை விடுவதே நேர்மை என்ற பக்கத்திலேயே நான் நின்றேன். ஏதோ அகற்றப்பட்டுள்ளது என்பதையாவது வாசகர் அறிந்துகொள்வார் அல்லவா? தணிக்கை அதிகாரியின் நியமனம் முறைப்படி அமையவில்லை எனக் கூறி, ‘சண்டே லீடர்’ மீதான தடையை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு சூன் 30 ஆம் திகதி நீக்கியது.

வேலைநீக்கம் பற்றித் தொழிலாளி ஒருவர் தாமே சென்று முறையிடக்கூடிய தொழில் நியாயசபைகள் 1957 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலமே உருவாகின. பதுளைக் கூட்டம் நடந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கிடையில் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952 இல் ஒருவரும் தெரிவாகவில்லை.