முட்டைக் கதை சொல்றாங்க, சர்க்கரைக் கதை?

ஆபீஸ் வேலையா லிஸ்பன் போயிருந்தப்ப சாப்பிட்ட ஒரு இனிப்போட வரலாறுதான் இந்த எபிசோட். பேரு பாஸ்டல் டி நாட்டா. உள்ளங்கையில அடங்குற சின்னக் கிண்ணம். நம்ம முட்டை பஃப்ஸ் மாதிரி நொறுங்குற மாவு, உள்ளே மஞ்சள் கருவும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த கஸ்டர்டு. மேல அங்கங்க கருகியிருக்கும். என்னைக் கேட்டா அந்தக் கருகல்தான் ருசியே.

லிஸ்பன்ல பெலேம்னு ஒரு பகுதி. அங்க ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கு. 1834-ல போர்ச்சுகல் அரசு துறவிகளோட மடங்களைக் கலைச்சிடுச்சு. 1837-ல, மடத்துக்குப் பக்கத்துலயே ஒரு கடை இந்த இனிப்பை விக்க ஆரம்பிச்சது. மடத்துச் செய்முறைனு சொல்லித்தான் இன்னைக்கும் விக்கிறாங்க.

ஏன் இவ்வளவு மஞ்சள் கரு? வெள்ளைக் கருவை அங்கிகளுக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளிய வைக்கவும் எடுத்துக்கிட்டாங்களாம், மிச்சம்தான் இனிப்பாச்சாம். நான் போன வாக்கிங் டூர்ல கைடு இதை ரசிச்சு ரசிச்சு சொன்னார். சர்க்கரைக்கு ஒரே ஒரு வார்த்தை.

ஆனா யோசிச்சுப் பாருங்க, முட்டை எந்த ஊர்லயும் கிடைக்கும். இடைக்கால ஐரோப்பாவுல சர்க்கரை மருந்துக் கடைச் சரக்கு, அவ்வளவு விலை. போர்த்துக்கீசியர் 15-ம் நூற்றாண்டுல மதீரா தீவுல கரும்பு போட்டாங்க. அப்புறம் சாவோ டோமே, 16-ம் நூற்றாண்டுல பிரேசில். அந்தத் தோட்டங்கள்ல வேலை செஞ்சது ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகள். பிரேசில்ல அறுவடை சீசன் வந்தா ஆலைகள் ராத்திரியும் ஓடும். பிரேசிலுக்கு மட்டும் சுமார் 48 லட்சம் பேரைக் கொண்டுவந்து இறக்கினாங்க, அமெரிக்கக் கண்டங்கள்ல வேற எங்கயும் இவ்வளவு இல்ல. அங்க அடிமை முறை ஒழிஞ்சது 1888-ல. பெலேம் கடை திறந்து 51 வருஷம் கழிச்சு!

இதோட தொடக்கம் இன்னும் பழசு. 1444-ல தெற்கு போர்ச்சுகல்ல லாகோஸ்ங்கிற ஊர்ல 235 ஆப்பிரிக்கர்களை இறக்கிப் பங்கு போட்டாங்க. தாயையும் பிள்ளையையும் பிரிச்சதை அந்நாட்டு அரசவை வரலாற்றாளர் சுராராவே எழுதி வெச்சிருக்கார். குதிரை மேல உக்காந்து பார்த்துட்டிருந்த இளவரசர் ஹென்றிக்கு ஐந்தில் ஒரு பங்கு: 46 பேர்.

பெலேம் கடையில இருந்து ஆத்தங்கரைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தா, 1960-ல கட்டின 52 மீட்டர் உயர நினைவுச் சின்னம் இருக்கு. கப்பல் வடிவம். அதுல வரிசைக்கு முன்னால, கையில குட்டிக் கப்பலோட நிக்கிறவர் அதே ஹென்றிதான்.