வண்டி ரேடியோவின் வெளிச்சம்: ஒரு சின்ன வரலாறு



நம் கரைத்தீவு வேன்களிலும் மீன் லொறிகளிலும் பழைய ரேடியோ செட்டுகள் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. சத்தம் வரும், முகப்பு மட்டும் இருட்டு. உள்ளே இருக்கும் குட்டி பல்ப் எரிந்து போயிருக்கும். "செட்டையே மாத்துங்க" என்பார்கள் சிலர். "ஒரு எல்.ஈ.டி போட்டால் போதும் நானா" என்பார்கள் நம் பையன்கள். பையன்கள் சொல்வதுதான் சரி. அந்த எல்.ஈ.டிக்கும் ரேடியோவுக்கும் பழைய சொந்தம் ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் ரேடியோ அலையைப் பிடிக்கப் படிகக் கற்களைப் பயன்படுத்தினார்கள். 1907 இல் மார்க்கோனி கம்பெனிப் பொறியியலாளர் ஹென்றி ரவுண்ட், கார்போரண்டம் கல்லில் மின்சாரம் பாய்ச்சியபோது அது மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டார். சாணைக்கல் செய்கிறார்களே, அதே கார்போரண்டம்தான். 1920களில் ரஷ்யாவின் ரேடியோத் தொழில்நுட்பவியலாளர் ஒலெக் லோசெவ் அந்த ஒளியை முறையாக ஆராய்ந்து எழுதினார். 1942 இல், லெனின்கிராட் முற்றுகையில், பட்டினியால் இறந்துபோனார். அவர் கண்டதன் பெறுமதி உலகத்துக்குப் பிறகுதான் விளங்கியது.

நம் நாட்டில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923 இல் பரீட்சார்த்த ஒலிபரப்பு செய்தார். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி தொடங்கியது. 1930 இல் அமெரிக்காவில் கல்வின் சகோதரர்கள் 'மோட்டோரோலா' என்ற கார் ரேடியோவை விற்பனைக்கு விட்டார்கள். ரேடியோ வண்டியேறியது. முகப்புக்கு வெளிச்சம் தந்தது இழை பல்ப்தான். பச்சையோ நீலமோ வேண்டுமென்றால் பல்புக்கு நிறத் தொப்பி போடுவார்கள்.

1962 இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டியைச் செய்தார். ஆனால் பிரகாசமான நீலம் வர 1993 ஆகிவிட்டது. நீலம் இல்லாமல் இன்றைய வெள்ளை எல்.ஈ.டி இல்லை, நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசித்தான் வெள்ளையை எடுக்கிறார்கள். அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது நமக்கு எதற்கு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் நம்மைத் தாங்கியவை பழைய வண்டிகளும், அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகளும்தான். நோன்பு காலத்தில் கொழும்பு றோட்டில் லொறி ஓட்டும் நம் சகோதரர்கள் மஃரிப் பாங்கைக் கேட்பதும் அந்த ரேடியோவில்தானே. இருட்டில் பட்டனைத் தடவித் தேடினால் கண் றோட்டை விட்டுப் போகும். அதில் உயிரே அடங்கியிருக்கிறது.

வேலை செய்யும் தம்பிமாருக்குச் சில விஷயம். முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். சில செட்டுகள் அதன்பின் இரகசிய இலக்கம் கேட்கும். அதை முன்பே எடுத்து வையுங்கள். பல்புக்குத் திசை இல்லை, எல்.ஈ.டிக்கு நேர், மறை பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை வரும், வெள்ளை எல்.ஈ.டிக்குத் தேவை சுமார் 3 வோல்ட். மீதி 11 வோல்ட்டைத் தாங்க 1,000 ஓம் தடையை வரிசையில் போட்டால் 11 மில்லி அம்பியர் மட்டுமே ஓடும். கண் கூசாது, பிளாஸ்டிக்கும் சூடாகாது. ஒளி ஒரே இடத்தில் குவிந்தால் எல்.ஈ.டியின் தலையை மண்கடதாசியால் லேசாகத் தேயுங்கள், பரவி விழும்.

சில ரூபாயில் முடியும் வேலை இது. ஆனால் கற்ற கை கற்றதுதான். வீட்டில் பழுதான செட் இருந்தால் எறியாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுங்கள், திறந்து பார்க்கட்டும்.